கத்திக்கொண்டே கேட்கும் காது

ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலிக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு ரிப்பீட்டரை, அதாவது கைக்கருவியின் குரலை வாங்கித் தூரத்துக்கு மறு ஒலிபரப்புச் செய்யும் நிலையத்தைப் பற்றி முதலில் விசாரிப்பது, அது எத்தனை வாட் என்றுதான். அதைப் பராமரிக்கிறவரோ பதிலுக்குத் தன் டியூப்ளெக்சரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவார். அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

கைக்கருவிகள் பெரும்பாலும் 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் என்று அலைநீளத்தால் பெயர் பெற்ற அதிர்வெண் பட்டைகளில் இயங்குகின்றன. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள். அலைக்குத் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாயருகே ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த கருவிக்கு 5 கிலோமீட்டர். 400 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்கு 82. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் இந்த எல்லை பெரிதாக நகராது. அதனால்தான் உயரத்தில் ஒரு ரிசீவரையும் ஒரு டிரான்ஸ்மிட்டரையும் வைத்து, கீழிருந்து வரும் குரலை வாங்கி அதே கணத்தில் திரும்ப ஒலிபரப்புகிறார்கள்.

அந்த ‘அதே கணத்தில்’தான் வில்லங்கம். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அதிர்வெண்ணில் நடக்க முடியாது. 2 மீட்டர் பட்டையில் இரண்டுக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம்: ரிப்பீட்டர் 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.600-இல் பேசும். நம் கருவியில் ‘ஷிஃப்ட்’ என்று போடுவது இதைத்தான். கேட்க இவ்வளவு எளிது. ஆனால் 600 கிலோஹெர்ட்ஸ் என்பது 145 மெகாஹெர்ட்ஸில் அரை சதவீதம்கூட இல்லை. டிரான்ஸ்மிட்டர் 40 வாட்டில் முழங்குகிறது. பெரும்பாலும் அதே ஆன்டெனாவில் ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் முனகலுக்காகக் காத்திருக்கிறது. ஆற்றலில் இவற்றின் விகிதம் ஐந்நூறு கோடி கோடி மடங்கு.

இரண்டையும் பிரித்து வைப்பதுதான் டியூப்ளெக்சரின் வேலை. பார்க்க அரை மீட்டர் உயர உலோகக் குவளைகளின் வரிசை. 145 மெகாஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால்பங்கு அந்த அளவுதான். ஒரு பாதிக் குவளைகள் ரிசீவருக்குள் 40 வாட் முழக்கம் நுழையாமல் தடுக்கின்றன. மறுபாதியைப் பலர் மறந்துவிடுவார்கள். டிரான்ஸ்மிட்டர் தன் அதிர்வெண்ணுக்கு அக்கம்பக்கத்திலும் மெல்லிய இரைச்சலைச் சிந்தும். ரிசீவர் கேட்கும் இடத்தில் விழும் இரைச்சலை இந்த மறுபாதி துடைக்கிறது. வெயிலில் உலோகம் விரிந்தால் சுருதி விலகும் என்பதால், உள்ளேயிருக்கும் சுருதிக் கம்பியை வெப்பத்துக்கு மசியாத இன்வார் கலவையில் செய்வதுண்டு.

சுருதி விலகினால் ரிப்பீட்டருக்குக் காது அடைத்துவிடும். தூரத்துக் குரல் வந்து ரிசீவரைத் திறக்கும், டிரான்ஸ்மிட்டர் எழும், அதன் முழக்கத்தில் அந்தக் குரலே மூழ்கும், ரிசீவர் மூடும், டிரான்ஸ்மிட்டர் அடங்கும், குரல் மறுபடி கேட்கும். இப்படி ‘டக் டக்’ என்று விட்டுவிட்டு ஒலித்தால், பேசுகிறவர் கருவியில் கோளாறு தேட வேண்டாம். செவிடன் காதில் ஊதிய சங்கு அது. 70 சென்டிமீட்டரில் அலையும் சிறிது, இடைவெளியும் பெரிது என்பதால் இந்தத் தலைவலி குறைவு.

பேசும் முறைகள் பலவும் இந்தக் காதிலிருந்தே புரியும். பட்டனை அழுத்தியவுடன் பேசக்கூடாது. ரிசீவர் திறந்து, நம் குரலோடு போகும் 88.5 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த டோனை அடையாளம் கண்டு, டிரான்ஸ்மிட்டரை எழுப்ப வேண்டும். அதற்குள் வாயைத் திறந்தால், நம்மை அடையாளம் சொல்லும் அழைப்புக்குறியின் முதல் எழுத்து காணாமல் போகும். ஒருவர் முடித்ததும் ஒரு பீப் வரும்வரை பொறுக்க வேண்டும்: தொடர்ந்து பேசும் நேரத்தை அளக்கும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போகும், அவசரக்காரர் யாராவது நுழையவும் இடம் கிடைக்கும். பொறுக்காமல் மாறிமாறிப் பேசினால், பல ரிப்பீட்டர்கள் மூன்று நிமிடத்தில் தாமே வாயை மூடிக்கொள்ளும்.

இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் பண்பலையில் வலுத்தவர் ஜெயிப்பார். சமமாக இருந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம். வேடிக்கை என்னவென்றால், அந்த இருவருக்கு மட்டும் அது தெரியாது. பேசும்போது கைக்கருவிக்குக் காது கிடையாது.

‘ரிவர்ஸ்’ பட்டன் பலரும் தொடாமலே விடும் நல்ல வசதி. ரிப்பீட்டர் கேட்கும் அதிர்வெண்ணை நாமும் கேட்கலாம். எதிராளியின் குரல் அதில் நேரடியாகவே நம் காதில் விழுந்தால், ரிப்பீட்டரை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு வேறு அதிர்வெண்ணுக்கு நகர்ந்துவிடலாம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020 முதல் இயங்கும் ரிப்பீட்டருக்கு இந்தக் குவளைத் தொல்லை அதிகமில்லை. 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு கேட்டு, 437.800-இல் பேசுகிறது, பட்டையே வேறு. பதிலாக, வேகமாக நகரும் நிலையத்தின் அதிர்வெண் நமக்கு மாறித் தெரியும் டாப்ளர் விளைவு: நிலையம் எழும்போது நம் டயலை 10 கிலோஹெர்ட்ஸ் மேலேற்றி, கடந்து போகப் போக இறக்கிக்கொண்டே வரவேண்டும். இரண்டு பட்டையிலும் ஒரே நேரத்தில் இயங்கும் கருவி இருந்தால், நம் குரல் 400 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பி வருவதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது மைக்கில் புகுந்து ஊளையிடும்.