விசா வந்துவிட்டது, சரி. அங்கே உங்கள் மேல் கேஸ் இருக்கிறதா?

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். போனில் துபாய் வேலை விசா. ஞாயிறு காலை திருச்சியிலிருந்து விமானம். "ஒண்ணுமில்ல சார், வக்கீலை ஒருவாட்டி பாத்துட்டுப் போன்னு மச்சான் சொன்னான்" என்றார். இப்படி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். போன தடவை விசாவை முறைப்படி கேன்சல் அடித்து வந்தீர்களா, லீவில் வந்தீர்களா?

லீவில் வந்தவர். 2016-ல் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஷார்ஜாவிலிருந்து ஓடிவந்து, அப்படியே ஊரில் தங்கிவிட்டார். அங்கே ஒரு பர்சனல் லோன், கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கி. லோன் வாங்கும்போது தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. நான் கேட்ட பிறகுதான் முகம் மாறியது.

"கேஸ் இருந்தா விசாவே வராதுன்னு ஏஜென்ட் சொன்னாரே?" வளைகுடாவிலிருந்து திரும்பிய பாதிப் பேர் இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விசா கொடுப்பது குடியேற்றத் துறை. கேஸ் கிடப்பது போலீஸிலோ கோர்ட்டிலோ. விசா கைக்கு வந்த பிறகும் விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு.

'பேன்' (ban), அதாவது தடை, என்று நம்மவர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. புதிய வேலை அனுமதி கிடைக்காமல் செய்வது ஒன்று. சொல்லாமல் ஓடிவிட்டதாகப் பழைய கம்பெனி புகார் கொடுத்திருந்தால் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவார்கள். நாட்டுக்குள்ளேயே விடாமல் தடுப்பது இன்னொன்று. மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை: பயணத் தடை. அது வெளியே போகவிடாமல் நிறுத்துவது. கடன் வழக்கில் கோர்ட் போடுவது இதைத்தான். உள்ளே போய்விடலாம், வேலையும் பார்க்கலாம். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பும்போதுதான் தெரியும்.

செக் விஷயத்தில் 2022 ஜனவரி 2 முதல் சட்டம் மாறிவிட்டது. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் அதுவே குற்றம் என்ற நிலை பெரும்பாலும் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக வருகிறார்கள். மீதிப் பாதியை யாரும் அனுப்புவதில்லை. திரும்பிய செக்கை எடுத்துக்கொண்டு வங்கி இப்போது நேரே நிறைவேற்று நீதிமன்றத்துக்கு, அதாவது தீர்ப்புகளை அமலாக்கும் கோர்ட்டுக்குப் போகலாம். கைது உத்தரவும் பயணத் தடையும் அங்கிருந்தும் வரும்.

சரி, எங்கே பார்ப்பது? பழைய பத்தாக்காவை, அதாவது அமீரக அடையாள அட்டையைத் தேடி எடுங்கள். 784 என்று தொடங்கும் அந்த எண்ணை வைத்து துபாய் போலீஸ் செயலியில் பார்க்கலாம். அபுதாபிக்கு அந்த நீதித்துறையின் 'எஸ்தஃப்சர்' சேவை இருக்கிறது. நம்மாள் என் மேஜையிலேயே துபாய் செயலியில் போட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று வந்தது. எழுந்தே நின்றுவிட்டார். உட்காரச் சொன்னேன். அதில் தெரிவது துபாயில் பதிவான பண வழக்குகள் மட்டும். இவர் கடன் வாங்கியது ஷார்ஜாவில்.

டிக்கெட்டை ரத்து செய்தோம். அங்குள்ள ஒரு வழக்கறிஞருக்குப் பவர் எழுதி அனுப்பினோம். இங்கே நோட்டரி, வெளியுறவுத் துறை முத்திரை, அமீரகத் தூதரக முத்திரை, அங்கே போனதும் அவர்கள் வெளியுறவு அமைச்சகம், பிறகு அரபு மொழிபெயர்ப்பு. வாரக்கணக்கில் இழுத்தது. கேஸ் இருந்தது. கம்பெனி காத்திருக்கவில்லை, அந்த விசா போனது.

வங்கியோடு பேசித் தொகையைக் குறைத்து, தவணையில் கட்டி முடித்தார். வசூல் ஏஜென்ட் போனில் சொல்லும் கணக்கு எண்ணுக்கு ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீர்கள். வங்கியின் கடிதத் தாளில் தொகை வரவேண்டும், பணம் வங்கிக் கணக்கிலேயே விழவேண்டும். கட்டியதோடு கேஸ் தானாகப் போய்விடாது. பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கொண்டு போலீஸிலும் கோர்ட்டிலும் பெயரை நீக்க வைக்க வேண்டும். இவருக்கு வங்கிக் கடிதம் வந்து ஒரு மாதம் கழித்தும் உத்தரவு அப்படியே இருந்தது.

திரும்பிப் போகாவிட்டால் தொல்லை இல்லை என்பதும் பழைய கதை. 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகு அமீரகத்தின் சிவில் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். இனிஷியலை மாற்றிப் புது பாஸ்போர்ட் எடுத்துப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே பார்ப்பது கண்ணை. கருவிழிப் பதிவுக்கு இனிஷியல் கிடையாது.

சில மாதம் கழித்து அதே ஆள் மறுபடி வந்தார். புது விசா, கையில் கேஸ் முடிந்த அரபுத் தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்யக் கடைக்குப் போகும் வழியில் என்னிடம் காட்ட வந்திருக்கிறார். நல்லவேளை. முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாத தாளைக் கண்டால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். இரண்டு நகல் எடுத்து, அசலைச் சட்டைப்பை அளவுள்ள கவரில் போட்டுக் கொடுத்தேன், செக்-இன் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி.