16 வயது கடந்த சிறாரை வயது வந்தவராக விசாரிக்கலாமா: முதற்கட்ட மதிப்பீடு பற்றி

18 வயது நிறையாத ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், அதை முதலில் விசாரிப்பது ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அடங்கிய இளைஞர் நீதிக் குழுமமே. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒருவருக்கு 18 வயது நிறையச் சில மாதங்களே இருந்தன. அவருக்கு மூன்றாண்டுக்கு மேல் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது நாடெங்கும் கோபத்தைக் கிளப்பியது. வயது வரம்பைக் குறைக்க வேண்டியதில்லை என்று, அவ்வழக்குக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013-இல் கூறியிருந்தும், 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், சிறாரை வயது வந்தவராக விசாரிக்கலாமா என்பதைக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும் எனும் 15-ஆம் பிரிவு இடம்பெற்றது.

கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் நாளில் 16 வயது நிறைந்து 18 நிறையாதிருந்த சிறாருக்கு மட்டுமே இப்பிரிவு பொருந்தும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என்று சட்டம் வரையறுத்துள்ள குற்றமே கொடுங்குற்றம். அதிகபட்சத் தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், குறைந்தபட்சம் ஏழாண்டு என்று வரையறுக்கப்படாத குற்றம் இதில் சேராது என உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. 2021 திருத்தமும் அதையே உறுதிசெய்தது. ஊரே கொதிக்கும் வழக்கு என்பதனால் ஒரு குற்றம் கொடுங்குற்றம் ஆகிவிடுவதில்லை.

இந்த மதிப்பீட்டில் குழுமம் பார்ப்பவை, அச்செயலைச் செய்வதற்கான மன, உடல் திறன், விளைவை உணரும் ஆற்றல், குற்றம் நிகழ்ந்த சூழ்நிலை ஆகியவை. குற்றம் நிரூபணமானதா என்பது இங்கே கேள்வியே இல்லை. வளரிளம் மூளையைப் பற்றிய அறிவு தேவைப்படும் இடம் இரண்டாவது கேள்விதான். அமைதியாக உட்கார வைத்துக் கேட்டால் பதினாறு வயதுச் சிறுவன் ஏறத்தாழ பெரியவரைப் போலவே சரி தவறைப் பிரித்துச் சொல்லிவிடுவான். ஆனால் உந்துதலை அடக்கி விளைவை எடைபோட உதவும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், கோபத்திலும் நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போதும் அந்த அறிவு அவனுக்குக் கைகொடுப்பது அரிது. அதனால்தான், குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்ற உறுப்பினர் இல்லாத குழுமம் வல்லுநர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

மக்களின் இரக்கம் எல்லாச் சிறாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஒருவனை 'அறியாத வயது' என்று மன்னிப்பவர்களே, அதே வயதுடைய இன்னொருவனின் தெருவையும் உடையையும் பார்த்து 'வளர்ந்த ஆள்' என்பார்கள். அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பினச் சிறுவர்களை உண்மையான வயதைவிட மூத்தவர்களாகவும் குற்றத்துக்குப் பெரிதும் பொறுப்பானவர்களாகவும் மற்றவர்கள் மதிப்பிட்டதைக் காட்டியது. மூளை மெல்ல முதிர்வது எல்லாச் சிறாருக்கும் பொதுவானது. ஆனால் 'விளைவை உணரும் ஆற்றல்' போன்ற, விளக்கத்துக்கு விரிந்து கொடுக்கும் சொற்கள் வழியாக இந்தப் பாரபட்சம் குழுமத்துக்குள்ளும் நுழைந்துவிடக்கூடும் என்பதே என் கவலை. ஏழைச் சிறுவனின் தரப்பில் வழக்கறிஞரும் வல்லுநர் கருத்தும் இல்லாதபோது அது கேட்பாரற்றே போகும்.

ஆகவே குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சிறாரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்குப் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றோ முதலில் ஏற்கப்படும்; அவை இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். மதிப்பீட்டு ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கே முன்பு உதவியவர் அல்லாத வேறொரு வல்லுநரின் கருத்தைப் பெறவும் வழி உண்டு.

வயது வந்தவராக விசாரிக்கலாம் என்று குழுமம் முடிவுசெய்து வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாறினாலும், அப்படி விசாரிப்பது தேவையா என்பதை அந்நீதிமன்றம் மறுபடி ஆராயும். தண்டனை விதிக்கப்பட்டால் 21 வயது வரை, சிறை அல்லாத தனி இடமான பாதுகாப்பிடத்திலேயே வைக்க வேண்டும்; மரண தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. ஆனால் மற்றச் சிறாருக்குக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு, அதாவது பழைய தீர்ப்பு பின்னாளில் தகுதியிழப்பு எதற்கும் காரணமாகாது என்ற உறுதி, இப்படி வயது வந்தவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவருக்குக் கிடையாது.