குறுக்குவிசை மோதல்

தண்டையார்பேட்டையில் நண்பர் ஒருவர் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். லினக்ஸ் கணினி. போன வாரம் லிபர்ஆபிஸின் விரிதாள் நிரலான கால்க்கில் ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுக்கக் கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினார். நெடுவரிசை அப்படியே கிடந்தது. அடுத்து அடித்த ஆங்கிலப் பெயர் தமிழில் வந்து விழுந்தது. தமிழ்த் தட்டச்சுக்காக நிறுவியிருந்த எஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு நிரல், மொழி மாற்றுவதற்கு அதே இரண்டு விசைகளைத்தான் வைத்திருக்கிறது. "ஷார்ட்கட் கிளாஷ் ஆவுது சார்" என்றார். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஷார்ட்கட் என்பது ஆங்கிலத்தில் முதலில் பாதைதான்: சுற்றிப் போகாமல் ஊடே வெட்டிக்கொண்டு போகும் வழி. நம் குறுக்குவழியும் அதே. ஆனால் தமிழில் அதற்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. 'குறுக்குவழியில் சம்பாதித்தவன்' என்றால் யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. திரையில் இருக்கும் ஐகானையும் குறுக்குவழி என்றே எழுதுகிறார்கள். விசைப்பலகைக்குக் குறுக்குவிசை என்றால் குழப்பமில்லை. 'விசை' வடசென்னைக்குப் புதிதும் அல்ல. காசிமேட்டில் விசைப்படகு என்றால் எஞ்சின் வைத்த படகு. விசை அங்கே உந்தும் சக்தி. தட்டினால் வேலை நடக்கும் பொத்தானுக்கும் அது பொருந்திவிட்டது.

அப்புறம் நண்பர் சொன்ன 'கிளாஷ்', அதாவது 'கான்ஃபிளிக்ட்'. பலர் 'முரண்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. முரண் என்றால் எதிர் நிற்பது. யாப்பில் முரண்தொடை என்பது இருளும் ஒளியும் போல எதிரெதிர்ச் சொற்களை வைத்துத் தொடுப்பது. இங்கே யாரும் யாருக்கும் எதிர் இல்லை, இருவருக்கும் ஒரே விசை வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் 'ஒன்றோடொன்று அடித்துக்கொள்வது' என்பதே. ஆகவே மோதல்.

ஆனால் கணினிக்குள் மோதல் சத்தமே கேட்காது. லினக்ஸின் பணிமேடைகளில் (டெஸ்க்டாப்) ஒன்றான சின்னமனில் கண்ட்ரோல்-ஆல்ட்-எல் திரையைப் பூட்டும். நிரல் எழுத உதவும் ஜெட்பிரெய்ன்ஸ் கருவிகளில் அதுவே நிரல்வரிகளை ஒழுங்குபடுத்தும். அழுத்தினால் திரைதான் பூட்டிக்கொள்ளும். லினக்ஸில் திரையையும் விசைகளையும் கவனிக்கும் பழைய அமைப்பான எக்ஸ்11-இல் ஒரு நிரல் ஒரு விசைச்சேர்க்கையை முன்கூட்டியே தன் பெயரில் பிடித்து வைக்கலாம். பிறகு அதே சேர்க்கையைப் பிடிக்க வரும் நிரலுக்குப் பிழைச்செய்திதான் பதில். சும்மா காத்திருக்கும் பயன்பாட்டுக்கோ விசை அழுத்தப்பட்டதே தெரியாது. அதற்குப் பின் வந்த வேலேண்டில் விசைகளை எல்லாம் பணிமேடைதான் முதலில் பார்க்கிறது. எஃப்சிடிக்ஸ் கதை சற்று வேறு: பயன்பாடே விசையை முதலில் அதனிடம் நீட்டிவிடும். எப்படியானாலும் நம்மூர்ச் சொல் ஒன்று கச்சிதமாகப் பொருந்துகிறது: மடக்கல். 'மூலக்கடைல வண்டிய மடக்கிட்டாங்க' என்பதில் வருகிற அதே மடக்கல். பயனர் பார்ப்பது மோதல், உள்ளே நடப்பது மடக்கல் என்று பிரித்து எழுதினால் கையேடு படிப்பவருக்கு எங்கே தேடுவது என்பதாவது புரியும்.

எந்தப் பக்கத்தை மாற்றுவது? நாள் முழுக்கக் கை பழகிய பயன்பாட்டை விட்டுவிட்டு மற்றதை மாற்றுவேன். நண்பருக்கு மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் வைத்துப் பார்த்தோம். க்னோம் பணிமேடை அதை ஏற்கெனவே உள்ளீட்டு மொழி மாற்ற வைத்திருக்கிறது; மறுபடியும் மடக்கல். கடைசியில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஸ்பேஸ் வைத்தோம். சரி, கால்க்கில் நெடுவரிசை இப்போது தேர்வாகிறது. தமிழுக்கு மாற அவர் விரல் மட்டும் இன்னும் பழைய இரண்டையே தேடுகிறது.