சத்தமில்லாதவரை முதலில் பாருங்கள்

ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்க வருகிறவர்களிடம் முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வி கேட்பேன். சாலையில் இரண்டு பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். ஒருவர் அலறுகிறார், இன்னொருவர் அசையாமல் கிடக்கிறார். யாரிடம் முதலில் போவீர்கள்? பெரும்பாலானவர்கள் அலறுகிறவரிடம்தான் என்பார்கள்.

பயிற்சி முடித்த புதிதில் நானும் அப்படித்தான் ஓடினேன். கால் முறிந்து கத்திக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாலடி தள்ளி மல்லாந்து கிடந்தவரிடமிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்தது. மூச்சு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். என்னோடு வந்த மூத்தவர் எதுவும் பேசாமல் அவர் தலைமாட்டில் மண்டியிட்டார். கழுத்தை அசைக்காமல் இரண்டு கை விரல்களாலும் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடித்தார். குறட்டை நின்றது, நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. நினைவிழந்தவருக்கு நாக்கு பின்னால் சரிந்து காற்று போகும் வழியை அடைக்கும்போது வருகிற சத்தம் அது. அதைப் பற்றி நான் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தேன். அன்றைக்கு அந்தச் சத்தம் என் காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். வேகமும் துணிச்சலும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இங்கே கற்றுக்கொள்வது ஒரு வரிசை. முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும்: அறுந்த மின்கம்பி, கசியும் எரிவாயு, நிற்காமல் வரும் வண்டிகள். நாமும் அடிபட்டு விழுந்தால் உதவி தேவைப்படுகிறவர்களில் ஒருவர் கூடிவிடுவார், அவ்வளவுதான். அப்புறம் பீறிட்டு வரும் ரத்தம், மூச்சுப்பாதை, மூச்சு, நாடி, நினைவு. பதற்றத்தில் மூளை வெறுமையாகிவிடும் நேரம் எல்லோருக்கும் வரும். அப்போது கையைப் பிடித்து நடத்திச் செல்வது இந்த வரிசைதான். அதனால்தான் ஒரே பயிற்சியைச் சலிக்கச் சலிக்கச் செய்யச் சொல்கிறோம்.

சி.பி.ஆர். எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். இதை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் பொம்மைமேல் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பாருங்கள், தோள்பட்டை இறங்கிவிடும். ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சை முழுமையாக மேலெழ விடவும் வேண்டும், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இந்தப் பயிற்சிப் பொம்மையை 1960-ல் உருவாக்கியவர் ஆஸ்முண்ட் லார்டல் என்ற நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

மதிப்பெண் குறைவு, நமக்கு இது வருமா என்று தயங்குகிறவர்கள் ஃப்ரீடம் ஹவுஸ் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1967-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கிய ஆம்புலன்ஸ் சேவை அது. வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களுக்கு மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த பயிற்சியைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு அங்கே போலீஸ் வண்டிகள்தான் பெரும்பாலும் நோயாளிகளை ஏற்றிப் போயின. வழியிலேயே சிகிச்சையைத் தொடங்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் அந்த இளைஞர்களும் உண்டு. பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள்கூட அவர்களில் இருந்தார்கள்.

படிப்பில் நிலைகள் உண்டு. பல நாடுகளில் இ.எம்.டி. எனப்படும் அடிப்படை அவசர மருத்துவ உதவியாளர் நிலை சில மாதப் படிப்பு. அதற்கு மேல்நிலையான பாராமெடிக் ஆக வேண்டுமானால் ஒன்றிரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஊசி மருந்து, இதயத்துடிப்பின் வரைபடத்தைப் படிப்பது, மூச்சுக்குழாய் பொருத்துவது எல்லாம் அங்கே வரும். எந்த நிலையில் இருந்தாலும் கேட்கத் தெரிய வேண்டும். உளறிக்கொண்டு தள்ளாடுகிறவரைக் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டுவது சுலபம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள். அளவு கீழே இறங்கியிருந்தால் உடனே சரிசெய்யக்கூடிய ஆபத்து அது.

சேரும் முன் பயிற்சி நிலையத்தில் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். சான்றிதழை உரிமம் தரும் அமைப்பு ஏற்கிறதா? ஆம்புலன்ஸிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் எத்தனை மணி நேரம் அனுப்புவார்கள்? ஒரு பொம்மைக்கு எத்தனை மாணவர்கள்? இருபது பேர் என்றால் உங்கள் கை அதைத் தொடுவதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் நோயாளி இறந்துபோகிற நாள் இந்த வேலையில் நிச்சயம் வரும். பயிற்சிக் காலத்திலேயே வரலாம். அன்றைக்கு அந்த மாணவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேச அங்கே யார் இருக்கிறார்கள்? ஒருவரைக்கூடக் கைகாட்ட முடியவில்லை என்றால், வேறு இடம் பாருங்கள்.