மேல்தட்டுக்குக் காசு கட்டி வாந்தி எடுக்க வேண்டாம்

“அம்மாவுக்கு நல்ல உயரத்தில, முன்பக்கமா ஒரு பல்கனி கபின் போட்டுவிடுங்கோ, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ.” ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பனைக் கப்பல் சுற்றுலா அனுப்பும்போது, கபின் பதிந்து கொடுக்கிற என்னிடம் சொல்வது இதுதான். பயணம் முடிய முறைப்பாடு வரும்: அம்மா மூன்று நாள் கட்டிலை விட்டு எழும்பவே இல்லை, கப்பல் சரியில்லை. கப்பலில் பிழையில்லை. கபின் எடுத்த இடம் பிழை.

ஹோட்டலில் மேல்மாடிக்கு மவுசு. அந்தக் கணக்கு கடலில் செல்லாது. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறும் ஆச்சிக்கு இது தெரியும். சோளகக் காற்று அடிக்கிற நாளில் அவ அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், போய் இருக்கமாட்டா, நடுவில்தான் இடம் பிடிப்பா. அதே ஆச்சியை நாங்கள் 14ஆம் தட்டில், கப்பலின் மூக்கு நுனியில் கொண்டுபோய் வைக்கிறோம்!

“அது சின்ன வள்ளம், இது மலை மாதிரிக் கப்பல், ஆடாது” என்பார்கள். ஆடும். 365 மீற்றர் நீளமான ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ போன்ற கப்பலும் அலைக்கு முன்னும் பின்னும் ஏறி இறங்கும். கிணற்றுத் துலாவை நினையுங்கள். நுனி ஆளுயரத்துக்கு மேல் போய் வரும், அதைத் தாங்குகிற ஆடுகாலடியில் அசைவே தெரியாது. கப்பலின் முகப்பு அந்த நுனி, நடுப்பகுதி அந்த ஆடுகாலடி. பக்கவாட்டு ஆட்டமோ உயரம் கூடக் கூடக் கூடும். கப்பலின் இரு பக்கமும் உள்ள சிறகுகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும், முன்பின் ஏற்ற இறக்கத்தை அல்ல. பல்கனியில் நின்று தொடுவானத்தைப் பார்த்தால் தலைசுற்று கொஞ்சம் தணியும், உண்மை. அதற்காக முகப்பில் பல்கனி எடுப்பது காசு கொடுத்து வருத்தம் வாங்கி, பிறகு மருந்து தேடுகிற வேலை. தலைசுற்று உள்ளவருக்கு நடுப்பகுதி, கீழ்த்தட்டு. வேறு கதையே இல்லை. (தலைசுற்றுக்கான குளிசையை வாந்தி தொடங்க முதல் போடவேண்டும். வேறு மருந்து எடுக்கும் வயதானவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போட வேண்டாம்.)

அடுத்தது சத்தம். தட்டு வரைபடத்தில் உங்கள் கபினை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல் தடாகம் என்றால் விடியற்புறமே கதிரை இழுக்கிற சத்தம். கீழே அரங்கு என்றால் நடுச்சாமம் வரை மேளம். மேலும் கீழும் கபின்கள் இருந்தால் நிம்மதி. முன்கோடியில் நங்கூரச் சங்கிலி, பின்கோடியில் இயந்திர அதிர்வு. பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு உள்ள கபினை, அந்த அறையும் உங்கள் குடும்பத்துக்கென்றால் மட்டும் எடுங்கள். லிப்ற் வாசலுக்கு நேரே வேண்டாம், நாலைந்து கதவு தள்ளி எடுத்தால் முழங்காலுக்கும் நல்லது, நித்திரைக்கும் நல்லது.

மலிவாய்க் கிடைக்கிறதென்று ‘கரன்ரி’ கபின் எடுத்தால், இடத்தைத் தெரிவுசெய்வது கம்பனி. பிறகு என்னோடு சண்டை பிடிக்கக்கூடாது. ‘மறைப்புள்ள காட்சி’ என்று போட்டிருந்தால் யன்னலுக்கு முன்னால் பெரும்பாலும் உயிர்காப்புப் படகு தொங்கும். பல்கனி என்ற சொல்லை மட்டும் நம்பவும் வேண்டாம். ‘ஒயாசிஸ்’ வகைக் கப்பல்களில் சில பல்கனிகள் கப்பலின் உள்ளே இருக்கும் தோட்டத்தைத்தான் பார்க்கும். நாலுபேர்க் கபின் கெதியாய் முடிந்துவிடும், பிள்ளைகளோடு போகிறவர்கள் முந்துங்கள்.

கடைசியாக ஒரு மன்றாட்டம். சக்கர நாற்காலி பாவிக்கும் அப்பாவுக்குச் சாதாரண கபின் போடச் சொல்லாதீர்கள். அதன் கதவு பல கப்பல்களில் 2 அடிகூட வராது, குளியலறை வாசலில் படியும் இருக்கும். அகலக் கதவுள்ள கபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், அவை முதலிலேயே போய்விடும். பதிய முதல் நாற்காலியின் அகலத்தை, சில்லை உருட்டக் கை பிடிக்கும் வளையத்தையும் சேர்த்து, நாடாவால் அளந்து அனுப்புங்கள். கண்மட்டத்தில் சொல்ல வேண்டாம்.