ஃபிளாப்ஸ் பாதியில் நின்றால் ஏன் வட்டமடிக்கிறோம்?

குடியாத்தத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் விமானி என்பதால் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "தம்பி, மீனம்பாக்கத்துல இறங்கப் போன பிளேனை மறுபடி மேல ஏத்திட்டாங்க. முக்கால் மணி நேரம் சுத்தினாங்க. இறக்கையில கோளாறாம். கோளாறுன்னா உடனே இறக்கணும்தானே?"

நியாயமான கேள்வி. வேலூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் விமானம் ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயத்தோடு யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இறங்கும் முன் இறக்கையின் பின்பக்கம் பலகைகள் நீண்டு கீழே வளைவதை ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். அவைதான் ஃபிளாப்ஸ். வேகம் குறைந்த நிலையிலும் விமானம் மிதக்க அவை உதவுகின்றன. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் நின்றுபோனால் விமானம் சாயும். அதனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததுமே, இருந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒருமுறை அப்படி ஆனது. ஃபிளாப்ஸை விரிக்கும் லீவரை இரண்டாம் நிலையில் வைத்தோம். ஃபிளாப்ஸ் முதல் நிலையைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில் முதல் வேலை வேகத்தைப் பிடித்து வைப்பதுதான். குறைந்தால் இறக்கை தாங்காது, கூடினால் விரிந்த ஃபிளாப்ஸ் சேதமாகும். அப்புறம் இறங்குவதை விட்டுவிட்டு மேலே போனோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் செக்லிஸ்ட்டை வரி வரியாகப் படித்தார்.

வட்டமடிக்கும் நேரம் முழுக்கக் கணக்குதான். வழக்கமாக மணிக்கு 250 கிலோமீட்டரில் தரையைத் தொடும் விமானம், ஃபிளாப்ஸ் முழுதாக விரியாததால் 295-இல் தொட்டால், பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது ஏறுகிறது. மே மாத வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடுவதால் தரைவேகம் இன்னும் கொஞ்சம் கூடும். சென்னையின் பெரிய ஓடுதளம் 3,600 மீட்டருக்கு மேல்; அது போதுமா, ஈரமாக இருந்தால் போதுமா என்று பார்க்க வேண்டும். வேறு ஊருக்குப் போகலாமே என்பீர்கள். ஃபிளாப்ஸ் விரிந்தபடி பறந்தால் எரிபொருள் வழக்கத்தைவிட வெகுவாகச் செலவாகும், உயரமாகவும் பறக்க முடியாது. ஆகவே அந்த முடிவைச் சீக்கிரம் எடுத்தாக வேண்டும். இது எதையும் அவசரத்தில் செய்யக் கூடாது. அவசரப்பட்டால்தான் ஆபத்து.

இறங்கும்போது மூக்கு சற்றுத் தூக்கலாக இருக்கும், தரை வேகமாக ஓடும், பிரேக் அழுத்தமாக விழும். ஓரத்தில் தீயணைப்பு வண்டிகள் நிற்கும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம், முன்னெச்சரிக்கையாக நாங்களே கேட்டு வாங்குவதுதான்.

பெரியவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குக் கவலை தந்தது. விமானம் நின்றதும் பாதிப் பேர் எழுந்து பையை இறக்கினார்களாம். அந்த நேரத்தில் பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும். சூடு அளவு மீறினால் சக்கரத்தில் உள்ள உருகு அடைப்பான் கரைந்து டயரின் காற்று இறங்கும். டயர் வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தீயணைப்பு வீரர்கள் சக்கரங்களைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பெல்ட்டோடு இருங்கள். ஒருவேளை கதவிலிருந்து விரியும் அவசரச் சறுக்கு வழியே வெளியேறச் சொன்னால் பையைத் தொடாமல் போங்கள்.