செருகுவதற்கு முன் மீற்றரை எடுங்கள்

நல்லூர்த் திருவிழா தொடங்கினால் என் திருத்தகத்துக்குப் பழைய கணினிகளும் வரத் தொடங்கும். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள், தாங்கள் சின்ன வயதில் விளையாடிய கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியை மருமக்களுக்குக் காட்டவென்று கட்டிக்கொண்டு வருவார்கள். ஜோய்ஸ்ரிக் உடைந்திருக்கும். "சேகா மெகா ட்ரைவ் பாட் ஒண்டு கிடந்தது அண்ணை, செருகிப் பாத்தனாங்கள், சரியாப் பொருந்தினது" என்பார்கள். சேகா என்பது வேறொரு விளையாட்டுப் பெட்டி, பாட் என்பது அதன் கைக்கருவி. அதைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும்.

அப்படி வந்த ஒன்றில் விசைப்பலகையில் பல எழுத்துகள் விழவில்லை. திறந்து பார்த்தால் 6526 என்ற ஐசி (சில்லு) போய்விட்டது. 1982-இல் வந்த அந்தக் கணினியில் விசைப்பலகையும் ஜோய்ஸ்ரிக்கும் ஒரே 6526-இல்தான் தொங்குகின்றன. அசல் ஐசியை இப்போது யாரும் செய்வதில்லை. அசலே வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு பழைய கணினியில் கழற்றித்தான் போடவேண்டும்.

கொமடோரின் ஜோய்ஸ்ரிக் துளை, சேகா பாட்டின் செருகி இரண்டிலும் ஒன்பது பின் என்பதுதான் ஏமாற்றுகிறது. கொமடோரில் 5 வோல்ற் வருவது 7ஆம் பின்னில். சேகா பாட் அதை எதிர்பார்ப்பது 5ஆம் பின்னில். அதைவிடப் பெரிய வில்லங்கம் இன்னொன்று. கொமடோரில் போடுகிற பழைய அட்டாரி வகை ஜோய்ஸ்ரிக்கில் வெறும் சுவிச்சுகள்தான்; அழுத்தினால் கம்பி கிரவுண்டை (பூச்சிய வோல்ற்) தொடும், அவ்வளவுதான். சேகா பாட்டுக்குள் ஐசி இருக்கிறது. அழுத்தாத நேரத்திலும் அது கம்பிகளில் வோல்ற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். கணினி அதே கம்பியைக் கீழே இழுக்கும்போது இரண்டும் மல்லுக்கட்டும்.

சின்ன அடப்டர் ஒன்று போதும். கணினியின் 7ஆம் பின்னிலிருந்து பாட்டின் 5, 7 இரண்டுக்கும் கம்பி. கிரவுண்டான 8 நேரே 8-க்கு. 1, 2, 3, 4, 6 ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு 1என்4148 டையோட், கறுப்புக் கோடு பாட் பக்கம் பார்க்க. கணினியின் 5, 9 பின்களைத் தொடவேண்டாம். சொல்டர் ஆறியதும் மீற்றரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு கம்பியையும் பாருங்கள். 7-க்கும் 8-க்கும் இடையில் பீப் வந்தால் கணினிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

இந்த அடப்டர் கொமடோருக்கு மட்டும். எம்எஸ்எக்ஸ் என்ற இன்னொரு வகைப் பழைய கணினியில் கிரவுண்ட் 9ஆம் பின். அதற்கு வேறு செய்யவேண்டும்.

யூஎஸ்பி பாட்டை ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகை வைத்துக் கொமடோரில் இணைக்கிற தம்பிமார் நிரலில் ஒன்றைக் கவனியுங்கள். பொத்தானை அழுத்தினால் பின்னை அவுட்புட் லோ ஆக்குங்கள். விட்டதும் இன்புட் ஆக்கிவிடுங்கள். ஹை மட்டும் அனுப்பாதீர்கள். அப்புறம், எதைச் செருகினாலும் கழற்றினாலும் முதலில் கணினியை நிறுத்துங்கள்.